காமாலை இறங்கியது எதனால்?

மழைக்காலம் வந்து, குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கும் ஊர்களில் மஞ்சள் காமாலை தலைகாட்டுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அப்போது இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடம்; மற்றொன்று பச்சிலை கொடுப்பவரின் வீட்டுத் திண்ணை. திண்ணையில் காத்திருப்பவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால், அவர்களில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். எதனால் குணமானார்கள் என்ற கேள்விக்கு நாம் எப்படி விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே மருத்துவத்தில் நம்பிக்கைக்கு எவ்வளவு இடம், ஆதாரத்துக்கு எவ்வளவு இடம் என்பது முடிவாகிறது.

அந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருந்துகளை விளம்பரம் செய்யும் முன் மாநில உரிம அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2018 டிசம்பரில் மருந்து விதிகளில் 170ஆவது விதி சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், தவறான மருந்து விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கை முடித்துவைத்தபோது அந்தத் தடையும் விலகியது. ‘கல்லீரலைக் காக்கும்’, ‘சர்க்கரையை அடியோடு விரட்டும்’ என்று கைபேசியில் வந்து விழும் விளம்பரங்களை, வெளியாகும் முன்பே நிறுத்திக் கேள்வி கேட்க அந்த விதி இனி இல்லை.

இறங்கும் காமாலை, இறங்காத காமாலை

காமாலை என்பது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி கூடினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அசுத்த நீரால் பரவும் ஹெபடைட்டிஸ்-ஏ, ஹெபடைட்டிஸ்-இ வைரஸ்கள் காரணமென்றால், பெரும்பாலோரின் உடல் சில வாரங்களில் வைரஸைத் தானே வென்றுவிடும். கண் நன்றாக மஞ்சளித்து, சிறுநீர் கடுத்து, சோற்றைக் கண்டாலே குமட்டும் நிலையில்தான் ஒருவர் மருந்து தேடிக் கிளம்புகிறார். அது நோய் உச்சத்தைத் தொடும் நேரம். அதற்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். மோரில் அரைத்துக் குடித்த கீழாநெல்லி, கையில் போட்ட சூடு, மந்திரித்துக் கட்டிய கயிறு, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கல்லீரல் டானிக் என்று அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பலன் கிடைத்ததாகவே தோன்றும். ‘மூன்று வேளை கொடுத்தார், மஞ்சள் இறங்கிவிட்டது’ என்பவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். மருந்தைக் குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அவரால் காண முடியாது.

அதே மஞ்சள் வேறு காரணத்தால் வந்திருந்தால் நிலைமை வேறு. பித்தநாளத்தில் கல் அடைத்திருக்கலாம், கணையத்தில் கட்டி இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், காசநோய் மாத்திரையின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைட்டிஸ்-இ வந்தால், 20 முதல் 25 சதவீதம் பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திண்ணையில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பச்சிலை உருண்டைதான். பிழைத்தவர்கள் அந்தச் செய்தியை ஊரெல்லாம் கொண்டுபோவார்கள். பிழைக்காதவர் வீட்டில் ‘விதி முடிந்துவிட்டது’ என்பார்கள். உருண்டையின் மீது பழி விழாது. சாட்சி சொல்ல வருபவர்கள் எல்லாரும் பிழைத்தவர்களாக இருக்கும் வழக்கில் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

ரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் ஹெபடைட்டிஸ்-பி இன்னும் தந்திரமானது. ஆரோக்கியமான பெரியவருக்குப் புதிதாகத் தொற்றினால் 95 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே வைரஸை ஒழித்துவிடுகிறார்கள். ‘பாசிட்டிவ் நெகட்டிவ் ஆனது’ என்று ஆய்வக அறிக்கையைக் காட்டி விற்கப்படும் மருந்துகளுக்குப் புகழ் தேடித்தருபவர்கள் இவர்கள்தான். பிறந்த நேரத்தில் தாயிடமிருந்து தொற்று பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கோ அது வாழ்நாள் தொற்றாகிவிடுகிறது. வலியில்லை, மஞ்சளில்லை, பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். மருந்து வேலை செய்ததா, செய்யவில்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத நோய் இது. மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

சென்னையில் நடந்த சோதனை

கீழாநெல்லியை அப்படிச் சோதித்துப் பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜனும் அவரது குழுவினரும், நாள்பட்ட ஹெபடைட்டிஸ்-பி தொற்று உள்ளவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியையும், மறு சாராருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் 30 நாட்கள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஹெபடைட்டிஸ்-பி வைரஸைக் கண்டறிந்தவரும் 1976-ல் நோபல் பெற்றவருமான பரூச் பிளம்பர்க் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். இதை ஒரு முதற்கட்ட ஆய்வு என்றே அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள்.

முதற்கட்ட ஆய்வு நல்ல செய்தி சொன்னால், வேறு கைகள் அதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம் வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று விளக்கங்கள் வந்தன. அவை நியாயமான விளக்கங்களாகவே இருக்கலாம். அப்படியென்றால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்த, எந்த வேதிப்பொருள் எவ்வளவு உள்ள கீழாநெல்லி என்று வரையறுத்து, தமிழ்நாட்டிலேயே பெரிய அளவில் மறுபடி சோதித்திருக்க வேண்டும். யாரும் மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய சோதனையாக அது நடக்கவில்லை. நடந்தது வேறு: 1988-ன் அந்த ஒற்றை முடிவு விளம்பர வாசகமாகிவிட்டது, ‘வெளிநாட்டுக்காரனே ஒப்புக்கொண்டான்’ என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. கீழாநெல்லிக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. ஆராய்ந்தவர்கள் இழைத்ததல்ல, ஆராய்ச்சியைப் பாதி வழியில் விட்டுவிட்டு, கிடைத்த பாதியை விற்றவர்கள் இழைத்தது.

நம்பிக்கையால் ஆகக்கூடியது

‘மருந்து பாதி, மனசு பாதி’ என்கிறவர்களுக்கு விஞ்ஞானம் எதிரி அல்ல. அந்த ‘மனசு பாதி’யை அளந்து பார்த்ததே விஞ்ஞானம்தான். 2011-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. அதே நோயாளிகளுக்கு ஒரு நாள் சால்பூட்டமால் இன்ஹேலர், ஒரு நாள் மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு நாள் போலி அக்குபஞ்சர், ஒரு நாள் எதுவுமே இல்லை. நுரையீரல் வெளியேற்றும் காற்றை அளந்தபோது உண்மையான மருந்துக்கு 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம். ஆனால், ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டபோது, மருந்துக்கு 50 சதவீதமும், வெற்று இன்ஹேலருக்கு 45 சதவீதமும், போலி ஊசிக்கு 46 சதவீதமும் நிவாரணம் தெரிந்ததாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாத நாளில் அது 21 சதவீதம்தான்.

இந்த எண்களை நிதானமாகப் படிப்பது நல்லது. ஒருவர் நம் மீது அக்கறை எடுத்து ஏதோ செய்கிறார் என்ற உணர்வே மூச்சுத்திணறலின் வேதனையைப் பெருமளவு தணிக்கிறது. வலி, குமட்டல், பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றில் இந்தத் தணிவு சிறிய விஷயம் அல்ல. ஆனால், மூச்சுக்குழாய் விரியவில்லை. நிம்மதியாக உணரும் அந்த நோயாளிக்கு அடுத்த அரை மணி நேரத்தில் கடும் இழுப்பு வந்தால் அந்த நிம்மதியே எமனாகிவிடும். நம்பிக்கை வேதனையைத் தொடுகிறது. வைரஸையும் அடைப்பையும் கட்டியையும் தொடுவதில்லை. குணம் தெரிகிறது என்று நோயாளி சொல்வதும் நோய் குணமாவதும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

திண்ணைக்குக் கூட்டம் போவதன் ரகசியமும் இதில் இருக்கிறது. பச்சிலை கொடுப்பவர் பெயர் கேட்கிறார், நாக்கைப் பார்க்கிறார், பத்தியம் சொல்கிறார், மூன்றாம் நாள் வரச் சொல்கிறார். 67 நாடுகளை ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆரம்ப சிகிச்சை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக ஏறத்தாழ 2 நிமிடம் என்றது. நம்பிக்கையை உண்டாக்கும் வேலையை மருத்துவமனை கைவிட்டதால்தான் அந்த வேலை வேறு இடத்துக்குப் போனது.

மருத்துவர்களின் நம்பிக்கைகளும்

ஆதாரம் கேட்பது நாட்டு மருத்துவத்தை மட்டம்தட்டும் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆதாரத்திடம் அதிகம் தோற்றிருப்பவை நவீன மருத்துவத்தின் நம்பிக்கைகள்தான். காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவும் உள்ள சானட்டோரியமே சரியான இடம் என்று உலகெங்கும் மருத்துவர்கள் நம்பியிருந்த காலத்தில், 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தியது. ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் மதனப்பள்ளி சானட்டோரியத்தில். மறு பகுதியினர் நெரிசலும் வறுமையும் நிறைந்த தம் வீட்டிலேயே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள். குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. மருத்துவர்களின் கண்ணுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று அவசியமற்றது என்று 1959-ல் அந்த மையம் உலகுக்குச் சொன்னது. இன்று வீட்டிலிருந்தபடியே காசநோய் மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் அந்த 193 பேருக்குக் கடமைப்பட்டவர்கள்.

1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. அரசுக்கும் நிபுணர்களுக்கும் கசப்பான முடிவுதான், மறைக்கவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் ஊசி இன்றும் தொடர்கிறது. கரோனா காலத்தில் பிளாஸ்மாவுக்காக உறவினர்கள் ஊர் ஊராக அலைந்ததை மறந்திருக்க மாட்டோம். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய சோதனை அதற்குப் பலனில்லை என்று 2020-லேயே காட்டிவிட்டது. ஆனாலும், 2021 மே மாதத்தில்தான் அது சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டுக்குள்ளும் நம்பிக்கை இருக்கிறது. அதை உதறித்தள்ள ஒரு முறை அங்கே உண்டு என்பதுதான் வேறுபாடு. அந்த முறைகூடத் தாமதமாகவே வேலை செய்கிறது.

எதிர்வாதங்கள்

‘ஆயிரம் ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோமே, அதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?’ என்பது முதல் கேள்வி. ஐரோப்பாவில் ரத்தக் குழாயைக் கீறி ரத்தம் வடிக்கும் சிகிச்சை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்தது. அதற்கும் பரம்பரை இருந்தது, நூல்கள் இருந்தன, பிழைத்த சாட்சிகள் இருந்தார்கள். குடித்தவுடன் ஆளை வீழ்த்தும் பொருளை நீண்ட காலப் பழக்கம் ஒதுக்கித்தள்ளும். மெதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும் பொருளை அதனால் கண்டுபிடிக்க முடியாது. கரோனா நாட்களில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. இத்தகைய பிணக்கு அறிக்கைப் போரில் தீராது. முறையான கண்காணிப்புப் பதிவேடுதான் தீர்க்கும்.

‘சித்த மருத்துவம் ஆளைப் பார்த்து மருந்து கொடுக்கிறது, வாதம், பித்தம், கபம் ஆளுக்கு ஆள் மாறும்போது எல்லாருக்கும் ஒரே மாத்திரை என்ற சோதனைக்குள் அது எப்படி அடங்கும்?’ என்பது இரண்டாவது. நல்ல கேள்வி, விடையும் உண்டு. மருந்தைச் சித்த மருத்துவரே ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுக்கட்டும். குலுக்கலில் ஒரு பாதி நோயாளிகள் அவரிடம் போகட்டும், மறு பாதி வழக்கமான சிகிச்சைக்குப் போகட்டும். ஆறு மாதம் கழித்து, யார் எங்கே போனார்கள் என்று தெரியாத மூன்றாம் நபர் இருவரின் ரத்தத்தையும் பார்க்கட்டும். வாதமும் பித்தமும் நம் தத்துவத்தின்படியே இருக்கலாம். பலனை எண்ணுவதற்கு எந்தத் தத்துவமும் தடையில்லை.

‘காப்புரிமை கிடைக்காத பச்சிலைக்குப் பணம் போட்டு ஆய்வு செய்ய எந்தக் கம்பெனி வரும்?’ என்ற மூன்றாவது கேள்விதான் கனமானது. யாரும் வர மாட்டார்கள். ஆகவேதான் அது அரசின் வேலை. சோதனை மரபை அழித்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்து. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. ரத்த வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்ததில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. நம்பியபடியே விட்டிருந்தால் அது இன்னமும் சர்க்கரைக்கு உதவாத ஒரு கஷாயமாகவே இருந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

கீழாநெல்லியிலிருந்தே தொடங்கலாம். சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரிகள் வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாடு அரசும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து, தரப்படுத்திய கீழாநெல்லியை வெளிப்படையாகப் பதிவுசெய்த ஒரு பெரிய சோதனைக்கு உட்படுத்த வேண்டும். முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். டெங்குக் காலத்தில் லட்சக்கணக்கானோருக்கு அரசே வழங்கிய நிலவேம்புக் குடிநீருக்கும் இது பொருந்தும். 2017-ல் அது குறித்து எழுந்த சர்ச்சை, ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் என்ற கட்சிச் சண்டையாக முடிந்தது. பெரிய சோதனை ஒன்றைக் கோரும் இயக்கமாக அது மாறவில்லை.

விளம்பரத்துக்கு முன் ஒப்புதல் என்ற நடைமுறை திரும்ப வேண்டும். அதுவரை 1954-ன் மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டத்தையாவது பயன்படுத்த வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம், பக்கவாதம் உட்பட 54 நோய்க்கூறுகளைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடைசெய்கிறது; முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. யூடியூப் சேனலுக்கும் இரவுநேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் அது பொருந்தும் என்று நடவடிக்கை வழியாகக் காட்டினால் போதும். பத்திரிகைகளும் தங்கள் விளம்பரப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய மூலநூல்களில் உள்ள மருந்துக்கு, நூலில் இருப்பதையே சான்றாக ஏற்று இன்று உரிமம் கிடைக்கிறது. நோயாளிகளிடம் சோதித்த முடிவு கட்டாயமில்லை. அந்தத் தகவலை மருந்துப் பெட்டியில் தமிழில் அச்சிட வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் எண்ணிக்கையைக் கூட்டாமல் இரண்டு நிமிடம் ஐந்து நிமிடமாகாது. ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று திட்டாமல் கேட்க மருத்துவ மாணவர்களுக்குப் பழக்க வேண்டும். திட்டினால் நோயாளி மறைப்பார், மறைத்தால் கல்லீரல் ஏன் கெட்டது என்றே தெரியாமல் போகும். பச்சிலை கொடுப்பவர்களிடமும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் காமாலைக்கு மருந்து தருவதில்லை, கர்ப்பிணியையும், மனம் குழம்பிப் பேசுபவரையும், ரத்த வாந்தி எடுப்பவரையும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது.

வாசகர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. கண்ணில் மஞ்சள் தெரிந்தால், எந்த மருந்தைத் தேர்வதற்கு முன்பும் ரத்தத்தைப் பரிசோதித்து, என்ன காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ்-பி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைட்டிஸ்-சி என்றால், பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் முழுக் குணமே உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியைப் பிரசவ வார்டிலேயே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.